பானெட்டின் மேல் ஒரு கை

எனக்கு நம்பகமான கார் ஒன்று வேண்டியிருந்தது. ஆடம்பரத்துக்கு அல்ல. முதல் பிரசவத்தின்போது, மலாக்காவில் நாங்கள் குடியிருந்த காஜா பெராங் முழுக்க வண்டி தேடி அலைந்து, ஒன்று கிடைத்து ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துபோயிருந்தது. குழந்தை தங்கவில்லை. மனைவி மறுபடி உண்டானதும், கூப்பிட்ட நேரத்துக்குக் கிளம்பும் கார் வாசலில் நின்றாக வேண்டும் என்று முடிவெடுத்தேன். புதுக் கார் ஒரு குமாஸ்தாவுக்குக் கட்டுப்படியாகாது.

வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்த சமயம் அது. ஊருக்குக் கிளம்பிய தோட்டத் துரைகள் சாய்வு நாற்காலி முதல் நாய்க்குட்டி வரை விற்றார்கள். துரையின் கார் என்றால் நம் ஆட்களுக்கு ஒரு மயக்கம். கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்பார்கள். நானும் அப்படித்தான் வாங்கினேன்.

மனைவி லாரி டிரைவரின் மகள். பழைய காரைப் பார்க்கப் போனால் முதலில் பானெட்டைத் தொட்டுப் பார்க்க வேண்டும், சூடாக இருந்தால் இன்னொரு நாள் வர வேண்டும், ஆறிய இஞ்சின் கிளம்புகிறதா என்பதுதான் சோதனை என்று அப்பா சொல்லக் கேட்டு வளர்ந்தவள். கார் பார்க்கப் பஸ்ஸில் போன வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு வந்தாள். எனக்குத் தெரியாதா என்று எரிந்து விழுந்தேன்.

பத்து பெரெண்டாம் என்ற ஊரைத் தாண்டி, கார் விற்ற துரையின் தோட்டம். கார் பங்களா முகப்பில் நின்றது. வெறும் சிமெண்டுத் தரைதான். அதில் கால் வைக்கும் முன் நான் சப்பாத்தைக் கழற்றினேன். யாரும் கழற்றச் சொல்லவில்லை. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய என் அப்பா எந்தத் துரையின் வாசலிலும் செருப்போடு நின்றதில்லை. வேறெதிலும் அவரைப் போல இருக்கக் கூடாது என்று படித்தவன் நான். துரை என் காலுறையின் ஓட்டையை ஒரு கணம் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். மனைவி செருப்போடுதான் நின்றாள்.

சில மாதங்களுக்கு முன்புதான், சுதந்திரத்துக்கு நாள் குறித்ததை அறிவித்தபோது, பண்டார் ஹிலிர் திடலில் கூட்டத்தோடு கூட்டமாக நின்று தொண்டை கிழிய ‘மெர்டேக்கா’ என்று கத்தியிருந்தேன். அதே தொண்டையிலிருந்து அன்று ‘எஸ் சார்’ தவிர எதுவும் வரவில்லை. கார் தன்னை ஒருநாளும் கைவிட்டதில்லை என்று துரை சொல்லிக்கொண்டிருக்கும்போதே மனைவி பானெட்டில் உள்ளங்கையை வைத்தாள்.

“என்னங்க, சூடா இருக்கு. நாளைக்கு வர்றோம்னு சொல்லுங்க.”

“சும்மா இரு. துரை என்னா நெனைப்பாரு?”

தோட்டத்தை நடத்துகிறவருக்குத் தமிழ் தெரியாமல் இருக்குமா? நான் அதையும் மறந்திருந்தேன். அவர் சிரித்தார். இப்போதுதான் கிளப்பிலிருந்து வந்தேன், வேண்டுமானால் காலையில் வந்து பார்க்கலாம் என்று தமிழிலேயே சொன்னார். அதற்குமேல் மனிதர் என்ன செய்ய முடியும்? நான்தான் பதறிப்போய், வேண்டாம் சார், உங்கள் வார்த்தை போதும் என்றேன். பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு காரில் ஏறினேன்.

நேராகக் கோயிலுக்குப் போய்ச் சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். கார் குதிரையாக ஓடியது. மறுநாள் காலை செத்துக் கிடந்தது.

பிறகு அதுவே வழக்கமாயிற்று. பட்டறைக்குக் கொண்டுபோனால் இரண்டொரு நாள் ஒழுங்காக இருக்கும், பிறகு பழைய கதை. பக்கத்து வீடுகளில் இருந்த, தலைமுறைகளுக்கு முன்பே தமிழ் மறந்த மலாக்கா செட்டிகள் மலாயில் கேலி பேசிக்கொண்டே வந்து தள்ளுவார்கள். ஒருமுறை சூடேறிவிட்டால் பகல் முழுக்க ஓடும். மனைவி ஒரு வார்த்தை குத்திக் காட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தித் தொலைத்திருப்பேன். அவள் சொல்லவே இல்லை.

வலி கண்டது விடிகிற நேரத்தில். கார் வழக்கம்போல முனகி அடங்கியது. நானும் செட்டிகளும் அதைத் தெருக்கோடி வரை தள்ளிக்கொண்டு போனோம். அதற்குள் பக்கத்து வீட்டம்மா ஒரு பெச்சாவை, அந்த ஊர் சைக்கிள் ரிக்‌ஷாவை, கூட்டி வந்து மனைவியை ஏற்றிவிட்டார். மூன்று சக்கரத்தில் மணியடித்துக்கொண்டு பெச்சா என்னைத் தாண்டிப் போனது. உள்ளே அவள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டு இன்னும் வேகமாகத் தள்ளினேன்.

பெண் குழந்தை. இரண்டு பேரும் நலம் என்று கேட்டதும் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே அழுதுவிட்டேன்.

வீட்டுக்கு அழைத்து வரும் நாளில் காரைக் கழுவித் துடைத்துக் கொண்டுபோய் வாசலில் நிறுத்தினேன். துண்டில் சுற்றிய குழந்தையோடு அவள் வந்தாள். வழியனுப்பத் தாதிகள் இரண்டு பேர் கூட வந்தார்கள். நான் கதவைத் திறந்து பிடித்தேன். அவள் என்னைத் தாண்டி முன்பக்கம் போனாள். குழந்தையை ஒரு கையில் அணைத்துக்கொண்டு, மறு கையைப் பானெட்டின் மேல் வைத்தாள்.

“சூடாதான் இருக்கு,” என்றாள். “ஏறலாம்.”