திப்பிலி டப்பாவில் ஒளிந்த மாத்திரை

எனக்கு எழுபது வயது நடக்கிறது. பெற்றது நான்கு, வளர்த்தது ஆறு. ஆறு பேரில் ஒருவரையும் அடுத்தவர் வாசலில் கைகட்டி நிற்கும்படி நான் வைக்கவில்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். எழுத்துக் கூட்டி, மெதுவாகத்தான் எழுதுவேன். ஆனாலும் இதை வேறொருவர் எழுத விடமாட்டேன்.

அப்போது எனக்குப் பத்து வயது. செஞ்சிக் கடைத்தெருவில் எங்கள் நைனாவுக்கு நாட்டு மருந்துக் கடை, பின்னால் வீடு. சுக்கு, கடுக்காய், வசம்பு என்று சுவர் முழுக்கத் தகர டப்பாக்கள். இங்கிலீஷ் மருந்து என்றாலே நைனாவுக்கு ஆகாது. "மூணு தலமொறையா ஊருக்கே மருந்து குடுக்கிறோம். நாமளே போயி ஊசி போட்டுக்கினா எவன் நம்ம கடைக்கு வருவான்?" என்பார். நியாயமான கேள்விதான்.

அந்த வீட்டில்தான் நைனாவின் தங்கை, எங்கள் அத்தை, இங்கிலீஷ் மாத்திரை ஒளித்து வைத்திருந்தாள். அவளுக்கு இருபத்து மூன்று வயது. மூன்று மாப்பிள்ளை வீட்டார் வந்து, சொஜ்ஜி பஜ்ஜி தின்றுவிட்டு, பெண் பருமன் என்று சொல்லிப் போய்விட்டார்கள். பாண்டிச்சேரிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனவள் அங்கே ஒரு டாக்டரிடம் பசியை அடக்கும் மாத்திரை எழுதி வாங்கி வந்தாள். பாட்டிலைத் திப்பிலி டப்பாவுக்குள் திப்பிலிக்கு அடியில் புதைத்தாள். எனக்குத் தெரியாமல் அந்த வீட்டில் ஒன்றும் நடக்காது. ஒரு மாத்திரை போட்டுக்கொண்டாளானால் ஒரு வாய் சோறு இறங்காமல் பெருக்கி, துவைத்து, பாத்திரமெல்லாம் தேய்த்துவிட்டு, இன்னும் வேலை உண்டா என்று பார்ப்பாள் அத்தை.

என் அக்கா அந்த வருஷம் எஸ்.எஸ்.எல்.சி. எங்கள் குடும்பத்தில் அவ்வளவு தூரம் வந்த முதல் பெண். பாஸ் செய்தால் வாத்தியார் படிப்பு. தவறினால் அனந்தபுரம் அரிசி மண்டிக்காரர் மகன். நைனா இரண்டையும் பேசி வைத்திருந்தார், வியாபாரி அல்லவா. "நான் டீச்சரானா மொதல்ல உன்னத்தான்டி இஸ்கூல்ல சேப்பேன்" என்று அக்கா என்னிடம் சொல்லியிருந்தாள். ஆனால் விடியும் முன்பே எழுந்து கடைக்குக் கடுக்காய் இடிப்பவளும் அவள்தான். பள்ளி விட்டு வந்து புத்தகத்தைத் திறந்ததும் தலை தொங்கிவிடும். பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கும்போது கணக்குப் புத்தகத்தின் மேலேயே தூங்கி, விழித்து, அழுதாள்.

அவள் அழுதது எனக்குத் தாங்கவில்லை. திப்பிலி டப்பாவைப் பற்றிச் சொல்லிவிட்டேன்.

பாட்டிலைக் கொண்டுவரச் சொன்னாள். மேலே ஒட்டியிருந்த இங்கிலீஷைப் படித்தாள். வீட்டில் அதைப் படிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

"இன்னா போட்டிருக்குது?"

"டாக்டர் சொன்ன ஆளு, சொன்ன அளவுதான் சாப்டணுமாம்."

"அப்ப நீ சாப்டக் கூடாதா?"

"போடி. அது அத்த மாதிரி குண்டா இருக்கறவங்களுக்கு. நான்தான் குச்சியாட்டம் இருக்கறனே" என்று சிரித்து, ஒன்றை வாயில் போட்டுக்கொண்டாள்.

முதல் வாரம் பார்க்க வேண்டுமே! தூக்கம் போன இடம் தெரியவில்லை. கிணற்றடிக்கும் மாட்டுத் தொழுவத்துக்கும் நடந்து நடந்து படித்தாள். மண்ணில் தடமே விழுந்துவிட்டது. அம்மா பூரித்துப் போனாள். நானோ என்னால்தான் இதெல்லாம் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். ஒரு மாத்திரை இரண்டாயிற்று, இரண்டு மூன்றாயிற்று. எடுத்து வந்து கொடுப்பது என் வேலை.

அடுத்த வாரம் அவளால் உட்கார முடியவில்லை. உட்கார்ந்தாலும் கால் ஆடிக்கொண்டே இருந்தது. பல்லை நறநறவென்று கடித்தாள். நகக்கண்ணில் தோலை உரித்து உரித்து விரலெல்லாம் ரத்தம். தட்டில் போட்ட சோறு அப்படியே கிடக்கும். "ஏன்டி நீ மூச்சு உடற சத்தம் இப்பிடிக் கேக்குது? அந்தாண்ட போ" என்று என்னை விரட்டினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, புத்தகத்தைத் திறந்தது திறந்தபடி போட்டுவிட்டு, கடையிலிருந்த டப்பா அத்தனையும் இறக்கித் துடைத்து, அகர வரிசையில் அடுக்கினாள். பொழுது சாயும்வரை அதுவே வேலை. "பொறுப்பு வந்துட்டுது பாரு" என்றார் நைனா.

மறுநாள் காலையில் நானும் அத்தையும் ஆளுக்கொரு துணியை வைத்துக்கொண்டு, தூசி தட்டுவதுபோல், இடம் மாறிப்போன ஒரே டப்பாவைத் தேடினோம்.

"திப்பிலி டப்பாவ யார்னா தொட்டீங்களா?" என்றாள் அத்தை, சுவரைப் பார்த்து.

"திப்பிலி உனக்கு எதுக்கு? இருமலா?" என்று அம்மா கேட்டாள்.

அத்தை துணியோடு அடுத்த வரிசைக்கு நகர்ந்துவிட்டாள். பாட்டில் பாதி காலியாகியிருந்தது அவளுக்குத் தெரிந்துதான் இருக்க வேண்டும். யாரிடம் போய்ச் சொல்வாள்?

முதல் இரண்டு பரீட்சை எப்படியோ போயிற்று. மூன்றாவது சரித்திரம். அன்று காலை நான்கு மாத்திரை கேட்டாள், கொடுத்தேன். மதியம் தூக்கில் மோர் எடுத்துக்கொண்டு பள்ளிக்கூட வாசலில் காத்திருந்தேன். சீக்கிரம் எழுதிவிட்டு வந்த பையன் ஒருவன், "உங்கக்கா ஆறாவது பேப்பர் வாங்கிட்டுது! யாருமே அவ்ளோ வாங்கல!" என்றான். மோரை அங்கேயே வைத்துவிட்டுக் கடைக்கு ஓடினேன்.

நைனா கல்லாவை விட்டு எழுந்து நின்றுவிட்டார். கற்கண்டு டப்பாவைத் திறந்து கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் அள்ளிக் கொடுத்தார். "ஆறு பேப்பராம் செட்டியாரே! இனிமே உங்க பொண்ணுகிட்ட கைகட்டித்தான் பேசணும்" என்று பாத்திரக்கடைக்காரர் கேலி செய்தார். நைனா அவருக்கு இன்னொரு பிடி கொடுத்தார்.

கற்கண்டு தீர்வதற்குள் குதிரை வண்டி வந்து நின்றது. தமிழ் வாத்தியார் அக்காவைத் தாங்கி இறக்கினார். முகமெல்லாம் வியர்வை, கண் எங்கேயோ பார்த்தது. வலது கை விரல் மட்டும் பாவாடைமேல் எழுதிக்கொண்டே இருந்தது.

வாத்தியார் நைனாவை ஓரமாக அழைத்தார். "பேப்பருக்கு நூல் கட்னவன் நான்தான் செட்டியாரே. ஆறுலயும் ஒரே பதிலு. மொத கேள்விக்கு எழுதினதயே திரும்பத் திரும்ப எழுதி வெச்சிருக்குது."

நைனா கையிலிருந்த கற்கண்டைப் பார்த்தபடி நின்றார். கண் பட்டுவிட்டது என்று அம்மா மிளகாயும் உப்பும் எடுக்க ஓடினாள். நைனாவைக் கேட்காமலே வாத்தியார் அரசாங்க ஆஸ்பத்திரி டாக்டரை அழைத்து வந்துவிட்டார்.

டாக்டர் நாடி பார்த்தார், நெஞ்சில் குழாய் வைத்தார். அவர் முகம் மாறியது. "இதயம் இந்த ஓட்டம் ஓடுது. என்ன மாத்திரை சாப்பிட்டுச்சு? தெரிஞ்சாத்தான் நான் ஏதாவது செய்ய முடியும்."

"இன்னா சார் இப்பிடிக் கேக்கறீங்க? இங்கிலீஷ் மாத்திரை எங்க வாசப்படி ஏறாது" என்றார் நைனா.

கதவோரம் நின்ற என் இடுப்பில், பாவாடையில் முடிந்தபடி, மறுநாளைக்கான மாத்திரைகள் இருந்தன. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். எதிரே அத்தை. என்னைப் பார்த்து, யாருக்கும் தெரியாமல், வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

வாயை மூடிக்கொண்டேன்.

பரீட்சைப் பயமாக இருக்கலாம் என்று டாக்டர் ஏதோ ஊசி போட்டுப் போனார். ஒரு மணி நேரத்தில் அக்காவுக்கு வலிப்பு வந்தது. வாடகைக் காரில் பாண்டிச்சேரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். உயிர் பிழைத்தாள். நினைவு வந்ததும் அவளே டாக்டரிடம் சொன்னாளாம், நானேதான் எடுத்துத் தின்றேன் என்று. என் பெயரைக் கடைசிவரை அவள் எடுக்கவில்லை. மீதிப் பரீட்சை எழுதவில்லை. ஆவணியில் அனந்தபுரத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள். அதன் பிறகு பத்துப் படி ஏறினால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். அவள் பிள்ளைகள் இரண்டையும் நான்தான் வளர்த்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை அத்தையைப் பெண் பார்க்க நான்காவது மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. அதுவும் எனக்குத் தெரியும். தெரிந்து என்ன? நைனாவின் அடியிலிருந்து என்னைக் காப்பாற்றத்தான் தலையாட்டினாள் என்று அன்று நினைத்தேன். கார் அக்காவை ஏற்றிக்கொண்டு போன பிறகு அத்தையின் மடியில் படுத்தேன். அவள் என் தலையைக் கோதிக்கொண்டே இருந்தாள். இப்படி ஓர் அத்தை யாருக்குக் கிடைப்பாள் என்று எண்ணிக்கொண்டே தூங்கிப்போனேன்.

பன்னிரண்டாவது படிக்கும் என் பேத்தி பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள். இந்தா கண்ணு, முதலிலிருந்து சத்தமாகப் படி. டாக்டர் கேள்வி கேட்கிற இடம் வந்ததும் கொஞ்சம் நிறுத்து, பதிலை நான் சொல்கிறேன்.