பெயர் கூப்பிட்ட பிறகுதான் பாடம்

முருகையா சார் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது, களக்காட்டில் முதியோர் கல்வி ஆசிரியர்களுக்கான பயிற்சி ஒன்றில் உட்கார்ந்திருந்தேன். மேடையில் யாரோ கற்பித்தல் கொள்கை பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். வருடக்கணக்காக இதே பேச்சு. எழுந்து வெளியே போய் அழக்கூட அலுப்பாக இருந்தது.

அதே மேடையில் சார் பேசிக் கேட்டவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். "வாரவுக பெரியவுக. பேர் கூப்பிட்டு 'உள்ளேன் ஐயா' சொல்ல வச்சா அது மரியாதையா?" என்பார். அதை நம்பி என் வகுப்பில் ஒருநாளும் நான் பெயர் கூப்பிட்டதில்லை.

பிறகு ஒரு மாலை கல்லிடைக்குறிச்சியில் அவர் வகுப்புக்குப் போனேன். அப்பளம் தேய்த்த பெண்கள், உளுந்து மாவு ஒட்டிய கையோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சார் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட, ஒவ்வொருவரும் எழுந்து "உள்ளேன் ஐயா" என்றார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மேடைக்கு ஒரு பேச்சு, வகுப்புக்கு ஒரு பேச்சா என்று கேட்டேவிட்டேன்.

"பேச்சியம்மாகிட்ட கேளுங்க டீச்சர்" என்று முன்வரிசையைக் காட்டினார்.

"நாந்தான் கூப்பிடச் சொன்னேன்" என்றார் பேச்சியம்மாள். "பள்ளிக்கூட வாசல மிதிக்காதவ நான். வீட்டுல எம்பேர யாரு சொல்லுதா? இங்கனயாவது ஒருக்கா கூப்பிட்டுட்டுப் பாடத்த நடத்துங்கன்னேன்."

அடுத்த பயிற்சியிலும் சார், பெயர் கூப்பிடக் கூடாது என்றுதான் பேசினார். அதற்கும் சண்டை போட்டேன். "அவுக கேக்காம நாமளா கூப்பிட்டா தப்புதான டீச்சர்" என்றார். அவருக்கும் அன்று களைப்புதான். இருந்தும் சிரித்தார்.

சார் போன பிறகு அவர் வகுப்பை என்னிடம் தள்ளினார்கள், மறுத்தால் மூடிவிடுவார்களாம். ஆள் குறைந்துகொண்டே போகும் என் வகுப்பே எனக்குப் போதும். வேண்டாம் என்று சொல்லத்தான் நேற்று போனேன். எல்லோரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பேச்சியம்மாள் எடுத்துக்கொடுக்க, ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டேன். எல்லோரும் எழுந்து சொல்லி முடித்தும், யாரும் சிலேட்டை எடுக்கவில்லை.

"கடைசில சார் தம்பேரையும் கூப்பிட்டு, தானே உள்ளேன்னும் சொல்லிக்கிடுவாக" என்றார் பேச்சியம்மாள். "நீங்க இன்னும் சொல்லலியே."

சாரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த வழக்கம் ஒன்றுதான். உடம்பெல்லாம் அசதி. மேசையைப் பிடித்துக்கொண்டு, "கோமதி" என்று கூப்பிட்டேன்.

"உள்ளேன்" என்றேன்.