ஆடி மாதத் திருத்தம்

என் மனைவி பிரகதீஸ்வரி என் சட்டைப் பையிலிருந்து பத்து ரூபாய் எடுத்தாலும் கேட்டுவிட்டுத்தான் எடுப்பாள். கல்யாணமான புதிதில் அதை மரியாதை என்று நினைத்துப் பூரித்துப்போனேன். அப்புறம்தான் தெரிந்தது, எல்லாரிடமும் அப்படித்தான். பக்கத்து வீட்டுக் கறிவேப்பிலை எங்கள் பக்கம் சாய்ந்து கிடந்தாலும், அந்த வீட்டுக்குப் போய்க் கேட்காமல் ஒரு கொத்து ஒடிக்க மாட்டாள். அவள் திரும்பி வருவதற்குள் அடுப்பில் கடுகு கருகிவிடும்.

இந்தக் குணத்துக்குச் சம்பளம் கொடுக்கும் வேலையும் உலகத்தில் இருக்கிறது. நான் இலுப்பூரில் எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறேன். அவள் தினமும் பஸ் ஏறிப் புதுக்கோட்டை போய், ஆத்மநாதன் என்பவருடைய சின்ன மென்பொருள் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். ஒரு செயலியை ஒப்படைக்கும் முன் அதற்குள் இருக்கும் லைப்ரரிகளைச் சரிபார்ப்பது அவள் பொறுப்பு. லைப்ரரி என்றால் யாரோ எழுதிப் பொதுவில் வைத்த நிரல். மற்றவர்கள் தங்கள் செயலிக்குள் அதைப் பொருத்திக்கொள்வார்கள். என்ன நிபந்தனையில் பொருத்தலாம் என்பது அதன் லைசென்சில் இருக்கும்.

போன வருடம் அவர்களுக்கு முதல் பெரிய ஆர்டர் வந்தது. கல்யாண மண்டபங்களுக்கான புக்கிங் செயலி. தமிழ்த் தேதியும் முகூர்த்த நாளும் காட்ட வேண்டும். அதற்கென்றே அருமையான லைப்ரரி ஒன்று கிடைத்தது. எழுதியவர் நாகராசு, ஊர் கீரமங்கலம் என்று போட்டிருந்தது. லைசென்ஸ் மட்டும் இல்லை.

"பொதுவுல போட்டு வச்சிருக்காரு. சும்மா கெடக்கிறதுதானேம்மா, எடுத்துக்குவோம்" என்றார் ஆத்மநாதன்.

"எடுத்துக்கன்னு அவரு சொல்லலையே சார். ஒண்ணும் சொல்லலைன்னா உரிமை பூராவும் எழுதுனவருக்குத்தான்."

செயலிக்குள் இருப்பவை எல்லாவற்றுக்கும் அனுமதி உண்டு என்று அவள்தான் கையெழுத்துப் போட வேண்டும். திங்கட்கிழமை கெடு. நாகராசுவுக்கு அனுப்பிய மெயிலுக்குப் பதிலில்லை. கையெழுத்துப் போட்டால் பொய். போடாவிட்டால் ஆர்டர் போய்விடும். அதை நம்பிப் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளின் வேலையும் போய்விடும். அவளுக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

"நேர்ல போயிக் கேட்டுட்டு வருவோமாங்க?" என்றாள். ஞாயிற்றுக்கிழமை காலையில், கல்யாணப் பத்திரிகை வைக்கப் போகிறவர்கள் மாதிரி பைக்கில் கிளம்பினோம்.

கீரமங்கலம் பூக்கடைகளில், கம்ப்யூட்டர் தெரிந்த நாகராசு என்று விசாரித்தோம். "குவைத் நாகராசா?" என்று ஒரு கடையைக் காட்டினார்கள். குவைத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துவிட்டு வந்து பூ கமிஷன் கடை வைத்திருக்கிறார். தராசில் மல்லிகையைக் கொட்டிக்கொண்டே நாங்கள் சொன்னதைக் கேட்டார்.

"அதுவா? முகூர்த்தம் வந்தாத்தானே பூ வெலை ஏறும், அதுக்காக எழுதுனது. சும்மாதானே போட்டிருக்கேன், எடுத்துக்க தங்கச்சி."

"எழுத்துல வேணும்ண்ணே."

அவர் முகம் மாறியது. "என் வார்த்தை பத்தலையா? இங்கிட்டு லோடு லோடாப் பூவே வாய் வார்த்தையிலதான் போகுது."

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "கோயில் டியூப் லைட்டுல உபயம்னு பேர் எழுதுறமில்லண்ணே, அது மாதிரிதான்" என்றேன்.

"பேரு மறைச்சது போக வெளிச்சம் எங்க மாப்ள வருது? எனக்கு அதெல்லாம் ஆகாது" என்று தராசுப் பக்கம் திரும்பிவிட்டார். உள்ளதும் போச்சு என்று நின்றேன்.

பிரகதி அசரவில்லை. "அண்ணே, நான் பக்கத்துல இருக்கேன், வந்து கேட்டுட்டேன். தூரத்துல இருக்கவங்க என்ன செய்வாங்க? கதவைத் தெறந்து வச்சிருக்கதா நீங்க நெனைக்கிறீங்க. எழுதாத வரைக்கும் அது பூட்டித்தான் கெடக்கு." போனில் அந்த லைப்ரரியின் பக்கத்தைத் திறந்து காட்டினாள். இதைப் பயன்படுத்தலாமா என்று சேலத்திலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து ஓர் ஆசிரியை இரண்டு முறை கேட்டிருந்தார். ஒன்றுக்கும் பதில் இல்லை.

நாகராசு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "ஊருக்கு வந்ததுலேருந்து அந்த மெயிலயே தெறக்கலை. வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போயிருக்காங்களே" என்றார். அவருக்கு உண்மையிலேயே வருத்தம். "சரி, என்ன எழுதணும்?"

வழக்கமாகப் போடுவதில் மூன்று வகை இருக்கிறது என்று அவள் ஆரம்பித்தாள். எம்.ஐ.டி. என்றால், எழுதியவர் பெயரையும் லைசென்சையும் நீக்காமல் எப்படி வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். ஜி.பி.எல். என்றால், இதைச் சேர்த்துச் செய்த செயலியை அடுத்தவருக்குக் கொடுக்கும்போது, அந்தச் செயலியின் மொத்த நிரலையும் அதேபோலத் திறந்து கொடுக்க வேண்டும்.

"இது மொய் விருந்து நடக்கிற ஊரு. வாங்குனவன் திருப்பிச் செய்யணும். ரெண்டாவதுதான் நியாயம்" என்றார் நாகராசு.

நான் பிரகதியின் காலை மெல்ல மிதித்தேன். அவள் கண்டுகொள்ளவில்லை. "அது உங்க இஷ்டம்ண்ணே. ஆனா அதைப் போட்டீங்கன்னா எங்களால எடுத்துக்க முடியாது. எங்க சார் மொத்தத்தையும் தெறந்து குடுக்க ஒத்துக்க மாட்டாரு."

"மூணாவது என்ன?"

"எல்.ஜி.பி.எல். லைப்ரரிக்குத் தோதானது. உங்களுதுல யாராச்சும் மாத்தம் செஞ்சு வெளிய குடுத்தா, அந்த மாத்தத்தைத் தெறந்து குடுக்கணும். உங்களுதைக் கழட்டி மாட்டுற மாதிரி தனியா வச்சிருந்தாப் போதும், மத்தபடி அவங்க செயலி அவங்களோடதே."

நாகராசு மல்லிகையை அளைந்துகொண்டே பேசினார். "பூ வாங்கிட்டுப் போறவன்கிட்ட, பந்தல் போட்ட கதையெல்லாம் சொல்லுன்னு நான் கேக்க முடியாதுல்ல. பூவுல கோளாறுன்னா அதை மட்டும் சொன்னாப் போதும். மூணாவதையே போட்டுருவோம்."

"கோளாறு ஒண்ணு இருக்குண்ணே. ஒரு வருசத்துக்கு மட்டும் ஆடி மொத நாளை ஆனின்னு எடுத்துக்கிட்டு முகூர்த்தம்னு காட்டுது. திருத்தம் எழுதி வச்சிருக்கேன். உங்களைக் கேக்காம உள்ள சேக்கலை."

"ஆடியில கல்யாணமா? மண்டபத்துக்காரன் என்னைத் தேடி வந்து ஒதைச்சிருப்பானே" என்று தொடையில் தட்டிச் சிரித்தார்.

மறந்துபோன பாஸ்வேர்டை மீட்பதற்குத்தான் பெரும்பாடாகிவிட்டது. அங்கேயே உட்கார்ந்து லைசென்சைச் சேர்த்தார். சேலத்துக்காரருக்கும் ஆசிரியைக்கும் பதில் எழுதினார். கிளம்பும்போது வாழையிலையில் ஒரு பொட்டலம் மல்லிகை கட்டிக் கொடுத்தார். இவள் விலை கேட்டாள். "இதையும் எழுத்துல குடுக்கணுமா?" என்றார்.

திங்கட்கிழமை அவள் கையெழுத்துப் போட்டாள். அன்று சாயங்காலம் கடையில் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். நாகராசுவின் பெயருக்குக் கீழே புதிதாக ஒரு வரி இருந்தது: ஆடி மாதத் திருத்தம், பிரகதீஸ்வரி, இலுப்பூர். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கி வந்தவளிடம் போனை நீட்டினேன்.

"என்னைக் கேக்காமப் போட்டுட்டாரேங்க" என்றாள்.

"எடுக்கச் சொல்லவா?"

வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, இன்னொரு தடவை படித்தாள்.