சுலோச்சனா அக்காவின் தலைக்கு எண்ணெய்

சுலோச்சனா அக்கா போய்விட்டார். நேற்றுக் காலை. தீபாவளிக்கு இன்னும் ஒரு வாரம்கூட இல்லை...

திருத்தணியில் அவர் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தோம். தெருப் பெரியவர் ஒருவர் கேட்டார். "எண்ணெ, சீக்கா வைக்கறதுக்கு ஒறவுக்காரங்க யாருனா வராங்களாமா?"

கடைசியாகக் குளிப்பாட்டும் முன் தலைக்கு எண்ணெய் வைப்பது உறவுமுறை உள்ளவர்கள் செய்வது. அக்கா கல்யாணம் செய்துகொள்ளாதவர். அம்மா போன பிறகு தனியாள்.

"யாரும் இல்லன்னா வேணாம், வுடு. தண்ணிய ஊத்தி எடுத்துடலாம்" என்றார் அவர். எனக்குச் சுருக்கென்றது. கோபமும் வந்தது. ஊர்ப் பிள்ளைகள் தலைக்கெல்லாம் எண்ணெய் வைக்க ஓடியவர்... அவர் தலை காய்ந்தே போவதா?

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நானும் அக்காவும் அம்பத்தூரில் ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனியில் ஒன்றாக வேலை பார்த்தோம். விடியற்கால லோக்கல் டிரெயினில் லேடீஸ் பெட்டியில் ஜன்னலோரம் அவர். அவர் தோளில் தூங்கி வழிந்தபடி நான்.

அப்படிப் பாதித் தூக்கத்தில்தான் ஒருநாள் கேட்டார். "தீவாளி அன்னிக்குக் காலைல பசங்க ஹோமுக்கு வரியா? ஸ்வீட்டு, பட்டாசுலாம் யாருனா குட்த்துருவாங்க. நீ கைய மட்டும் எடுத்துகினு வா."

போனேன். திருத்தணியில் அப்பா அம்மா இல்லாத பெண் பிள்ளைகள் தங்கும் இல்லம் அது. இன்னமும் அது கனவில் பார்த்த இடம் மாதிரிதான் இருக்கிறது...

இருட்டு பிரியாத நேரம். மழை விட்ட ஈரம். மலை தெரியவில்லை, கோயில் விளக்குகள் மட்டும் பனிக்குள் தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தன. ஹோமின் பின்பக்கம் அண்டாவில் வெந்நீர், ஆவி, சீயக்காய் வாசனை.

முதியோர் இல்லத்துப் பாட்டிகள், எங்களுக்கு ஆயாக்கள், ஒரு வேனில் வந்து இறங்கி வரிசையாக உட்கார்ந்தார்கள். ஆளுக்கொரு பெண் பிள்ளை வந்து முன்னால் உட்கார்ந்தது. பெரியவங்க கையால் எண்ணெய் வைக்காமல் என்ன தீபாவளி என்பது அக்காவின் கட்சி.

கன்னியம்மா ஆயா மட்டும் வேனை விட்டு இறங்கவில்லை. "நான் தாலி அறுத்தவ. நல்ல நாளும் அதுவுமா கொழந்தைங்க தலையில கை வைக்கமாட்டேன்."

அக்கா வாதாடவில்லை. வேன் படியில் ஆயாவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கொண்டையை அவிழ்த்துவிட்டார். "அப்போ எனக்கு வை. நான் இன்னா பச்சக் கொழந்தையா?"

ஆயா ரொம்ப நேரம் அந்தத் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றி உச்சியில் வைத்துத் தேய்த்தார் பாருங்கள்... அக்கா கண்ணை மூடிக் கிறங்கிப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு பிள்ளைகளிடம் அந்த ஆயா கைக்குத்தான் டிமாண்ட். எனக்கு, எனக்கு என்று ஒரே சண்டை.

போட்டோ எடுத்துக்கொண்டிருந்த என்னையும் கம்பெனித் தோழிகளையும் அக்கா ஓட்டினார். "ஃபோன உள்ள வைங்கடி. எண்ணெ பட்டா அதுக்கும் கங்கா ஸ்நானம் பண்ணி வுடணும்."

அன்றிலிருந்து ஒவ்வொரு தீபாவளிக்கும் ஆயா முதலில் அக்காவுக்குத்தான் வைப்பார். அதே வேன் படியில்.

நேற்று மத்தியானம் அந்த வேன் தெருமுனையில் வந்து நின்றது. ஆயாக்கள், பிள்ளைகள், எல்லாரும். கன்னியம்மா ஆயா முதல் ஆளாக இறங்கி வந்து "எண்ணெ எங்க?" என்றார்.

"நீங்க அவுங்களுக்கு இன்னா மொற வேணும்?" பெரியவர் கேட்டார்.

"தீவாளிக்கு தீவாளி இவ தலைக்கு எண்ணெ வெச்சவ. அது இன்னா மொறன்னு நீயே சொல்லு நைனா."

பெரியவர் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக் கொடுத்தார். எனக்கு அதுவரை வராத அழுகை அப்போதுதான் வந்தது.

இறந்தவர் தலைக்குப் புறங்கையால் எண்ணெய் வைப்பதுதான் வழக்கம். பெரியவர் செய்து காட்டினார். ஆயா தன் கையைத் திருப்பி ஒருமுறை பார்த்தார்... பிறகு உள்ளங்கையிலேயே எண்ணெயை ஊற்றிக்கொண்டு, உச்சியில் வைத்து அழுத்தித் தேய்த்தார்.

பின்னால் வந்த பிள்ளைகளும் அப்படியே வைத்தார்கள். பெரியவர் யாரையும் திருத்தவில்லை.

தலை நன்றாக ஊறிவிட்டது அக்கா. நிம்மதியாகப் போங்கள்...