லோரி அங்கிளின் கீப் பாட்டில்

1. தைத்து மூடிய பாக்கெட்

கிள்ளானில் ஒரு டான்ஸ் கிளப்பில் பார்டெண்டராகச் சேர்ந்த முதல் நாள், யூனிஃபார்ம் என்று ஒரு கறுப்பு சிலுவார், அதாவது கால்சட்டை, கொடுத்தார்கள். பாக்கெட் நான்கும் தைத்து மூடியிருந்தன. தையல்காரர் ஏதோ தவறு செய்துவிட்டார் என்று நினைத்து மேனேஜர் குணாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

"தப்பெல்லாம் இல்ல சாந்தி. பார் ஸ்டாஃப் எல்லாருக்கும் இப்படித்தான். பாக்கெட் இருந்தா கை போகும் லா," என்றார்.

எனக்கு முகம் சிவந்துவிட்டது. அதற்கு முன் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு எலக்ட்ரானிக் ஃபேக்டரியில் பன்னிரண்டு வருஷம் வேலை செய்தவள் நான். அங்கே கேட்டில் பையைத் திறந்து பார்ப்பார்கள், அவ்வளவுதான். ஃபேக்டரியை மூடிவிட்டார்கள். எனக்கு முப்பத்து நான்கு வயது, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இரண்டு, வீட்டில் சம்பாதிக்கிற ஆள் நான் ஒருத்திதான். அதனால் வாயை மூடிக்கொண்டு அந்தச் சிலுவாரைப் போட்டுக்கொண்டேன்.

மதுவின் வாசனையே ஆகாத எனக்கு முதல் வாரம் முழுக்க ரூல்தான் பாடம். ஊற்றும்போது லேபிள் வாடிக்கையாளர் பக்கம் திரும்பியிருக்க வேண்டும். அளவு பார்க்கும் ஜிகர் அவர் கண்ணில் பட வேண்டும். காலி பாட்டிலைக் கொடுத்தால்தான் ஸ்டோரில் புது பாட்டில் தருவார்கள். அந்தக் காலி பாட்டிலின் லேபிளைச் சுரண்டிவிட்டுத்தான் வெளியே போட வேண்டும், இல்லையென்றால் எவனாவது அதில் போலிச் சரக்கை ஊற்றி விற்பான். நாங்கள் தண்ணீர் குடிப்பதுகூடக் கண்ணாடிக் கிளாஸில்தான். மூடி போட்ட கப் கூடாது. ஒவ்வொரு ரூலுக்குப் பின்னாலும் எப்போதோ ஒரு திருடன் இருந்திருக்கிறான்.

உண்மையைச் சொன்னால் எனக்கு இதெல்லாம் சீக்கிரமே பிடித்துப்போயிற்று. நான் பாசாருக்குப் போனால் மீன்காரன் தராசில் கை வைக்கிறானா என்று பார்த்த பிறகுதான் மீனைப் பார்ப்பேன். அப்படிப்பட்ட பிறவிக்கு அப்படிப்பட்ட வேலை அமைந்தது.

2. மோசஸும் அலமாரிச் சாவியும்

பாரில் எனக்கு சீனியர் மோசஸ். என்னைவிட ஆறு வயது சின்னவன். என்னை 'அக்கா' என்பான், ஆனால் வேலையில் ஒரு வார்த்தை அதிகமாகப் பேசமாட்டான். கேட்டதற்குப் பதில் சொல்வான், கேட்காததை அவன் வாயிலிருந்து பிடுங்க முடியாது. கம்போங் மேடான் ஃப்ளாட்டில் மனைவியோடு இருந்தான். கீப் பாட்டில் அலமாரியின் சாவி நான்கு வருஷமாக அவனிடம்தான் இருந்தது.

கீப் பாட்டில் என்றால் என்னவென்று புதியவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். வாடிக்கையாளர் முழு பாட்டில் விஸ்கி வாங்குவார், கொஞ்சம் குடிப்பார், மீதியை எங்களிடம் விட்டுவிட்டுப் போவார். நாங்கள் பாட்டிலின் பக்கவாட்டில் மேலிருந்து கீழ்வரை வெள்ளை டேப் ஒட்டி, சரக்கு எந்த மட்டத்தில் நிற்கிறதோ அங்கே கோடு போட்டு, அலமாரியில் வைத்துப் பூட்டுவோம். அடுத்த முறை அவர் வந்தால் கோடும் சரக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். அந்தக் கோடுதான் எங்கள் மானம்.

வெள்ளிக்கிழமை தவறாமல் வருபவர் லோரி அங்கிள். நான்கு லோரி வைத்திருந்ததால் அந்தப் பெயர். மூன்று பெக் குடிப்பார், ஆடமாட்டார், ஆடுகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். கோட்டை மட்டும் எங்களைப் போட விடமாட்டார். டேப்பையும் பேனாவையும் வாங்கிக்கொண்டு மூலை மேஜைக்குப் போய், முதுகைக் காட்டிக்கொண்டு தானே போட்டுத் தருவார்.

3. ஏறிய விஸ்கி, இறங்கிய விஸ்கி

சாயங்காலம் ஐந்து மணிக்கு, கடை திறக்குமுன், அலமாரியைத் துடைப்பது என் வேலை. சேர்ந்து இரண்டாவது மாதம், ஒரு சனிக்கிழமை, லோரி அங்கிளின் பாட்டிலைப் பார்த்தேன். விஸ்கி கோட்டுக்கு மேலே மூன்று விரல் உயரம் ஏறி நின்றது. பூட்டிய அலமாரியில் விஸ்கி எப்படி வளரும்? யாரோ தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள் என்று அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டேன்.

ஃபோனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

அந்த வாரம் முழுக்க என் கண் மோசஸ் மேலேயே இருந்தது. புதன்கிழமை அவன் அலமாரியைத் திறந்து, அதே பாட்டிலை எடுத்து, தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, திரும்ப வைத்துப் பூட்டினான். உடனே ஃபோனை எடுத்து யாருக்கோ மெசேஜ் தட்டினான். ஊற்றிய தண்ணீர் நன்றாகக் கலக்கட்டும் என்று கவிழ்க்கிறான், கூட்டாளிக்குத் தகவல் போகிறது என்று நான் கணக்குப் போட்டேன்.

அடுத்த சனிக்கிழமை பார்த்தால் விஸ்கி கோட்டுக்குக் கீழே! இரண்டு விரல் குறைவு. இரண்டாவது படம் எடுத்தேன். எனக்கு எல்லாம் பளிச்சென்று புரிந்த மாதிரி இருந்தது. போன வாரம் திருடியதை மறைக்கத் தண்ணீர் ஊற்றினான், அளவு தப்பிவிட்டது. இந்த வாரம் ஊற்றச் சந்தர்ப்பம் கிடைக்கவில்லை. சந்தேகம் புகுந்துவிட்டால் சரக்கு ஏறினாலும் திருட்டு, இறங்கினாலும் திருட்டு. அது இப்போது தெரிகிறது. அன்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

இரண்டு படத்தையும் குணாவிடம் காட்டினேன். அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"சாவி யாருகிட்ட?"

"மோசஸ்கிட்டதான் பாஸ்."

"நீ சொன்னதா வெளிய தெரியாது. போ."

4. காரணம் சொல்லாத கிளப்

எங்கள் கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. ஆளை நிறுத்தினால் காரணம் சொல்லமாட்டார்கள். காரணம் சொன்னால் யார் போட்டுக் கொடுத்தது என்று தெரிந்துவிடும், அடுத்த முறை எவரும் போட்டுக் கொடுக்கமாட்டார்கள். அன்று மாலை நாங்கள் எலுமிச்சை வெட்டிக்கொண்டிருந்தபோது குணா வந்தார்.

"மோசஸ், சாவியக் குடு. நாளையிலேர்ந்து வர வேணாம்."

"ஏன் பாஸ்?"

"ஏன்னு உனக்கே தெரியும்."

"சத்தியமா தெரியல பாஸ். என்ன ஆச்சு?"

குணா கையை நீட்டியபடி நின்றார். மோசஸ் சாவியைக் கழற்றிக் கொடுத்தான். பிறகு என்னைப் பார்த்து, "அக்கா, உங்களுக்கு ஏதாச்சும் தெரியுமா?" என்றான்.

"எனக்கு என்ன தெரியும் தம்பி?" என்று சொல்லிவிட்டு எலுமிச்சையைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

சாவி மறுநாள் என் கைக்கு வந்தது.

5. வெள்ளிக்கிழமை

அந்த வெள்ளிக்கிழமை பாட்டு ஆரம்பிக்குமுன்பே லோரி அங்கிள் வந்துவிட்டார். உட்காரும்போதே, "மோசஸ் எங்க?" என்றார்.

நான் பாட்டிலை மேஜையில் வைத்தேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்: "அங்கிள், உங்க பாட்டில்ல கை வச்ச ஆளைப் பிடிச்சு அனுப்பிட்டோம். மன்னிச்சுக்குங்க. கோட்டைப் பாருங்க, எவ்வளவு குறைஞ்சிருக்குன்னு."

அவர் கோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மூடியை இறுக்கித் திருகி, பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்தார். விஸ்கி கழுத்துப் பக்கம் ஓடி இறங்கி அசைவு நின்றது. அதன் மட்டம் கோட்டில் மயிரிழை பிசகாமல் ஒட்டி நின்றது.

"யாரும்மா கை வச்சா? ஒரு சொட்டு குறையலையே."

அவர் நிதானமாக விளக்கினார். "நிமித்தி வச்சுக் கோடு போட்டா, எவனாச்சும் குடிச்சுட்டு அந்தக் கோடு வரைக்கும் தண்ணிய ஊத்தி வச்சுடுவான். கவுத்து வச்சுப் போட்டா எது வரைக்கும் ஊத்தறதுன்னு தெரியாம முழிப்பான். பாதி பாட்டிலுக்கு மேல இருந்தா கோடு கீழ தெரியும், பாதிக்குக் கீழ போனா கோடு மேல தெரியும். இருபது வருஷமா இப்படித்தான் போடறேன். இந்தப் பார்காரங்க எவனையும் நம்பறதில்ல நான். மோசஸ் ஒருத்தன்கிட்டதான் சொல்லியிருக்கேன். வாரத்துல ஒரு நாள் கவுத்துப் பாத்து, சரியா இருக்குன்னு எனக்கு மெசேஜ் போடுவான்."

அன்று இரவே குணாவிடம் சொன்னேன். "விடு சாந்தி. இப்ப கூப்பிட்டு சாரி சொன்னா, நாளைக்கு எவனை நிறுத்தினாலும் சாரி கேப்பானுங்க. நீ சாவிய பத்திரமா வச்சுக்க."

நானும் வைத்துக்கொண்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரு மாதம் வைத்துக்கொண்டேன். வேலை போய்விடும் என்ற பயம்தான்.

6. கம்போங் மேடான்

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பாரில் வேலை செய்யும் பெண் ஒருத்தி எனக்குப் பழக்கம். அவள்தான் சொன்னாள், மோசஸ் அங்கே வேலை கேட்டு வந்தான் என்று. அவளுடைய முதலாளி எங்கள் குணாவுக்கு ஃபோன் போட்டிருக்கிறார். 'கை சுத்தம் இல்லை' என்று பதில் போயிருக்கிறது. வேறு இரண்டு இடத்திலும் இதே கதை. இப்போது அம்பாங்கில் ஒரு கொண்டோ அடுக்குமாடியில் ஜாகா, அதாவது வாட்ச்மேன் வேலை, ராத்திரி ஷிஃப்ட்.

அதற்கு மேல் என்னால் சோறு தின்ன முடியவில்லை. திங்கட்கிழமை லீவு நாளில், மத்தியானம், அவன் ஃப்ளாட்டைத் தேடிப் போனேன். மனைவி ஜெசி கதவைத் திறந்தாள். மோசஸ் ஹாலில் பாய் விரித்துப் படுத்திருந்தான். எழுந்து உட்கார்ந்தான். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், படம் எடுத்தது, குணாவிடம் காட்டியது, அன்று எலுமிச்சையைப் பார்த்துக்கொண்டு பொய் சொன்னது, எல்லாம்.

அவன் கத்துவான் என்று நினைத்தேன். "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேக்கா," என்றான். "அங்கிள் யாருக்கும் சொல்லாதேன்னுதான் சொன்னாரு. இருந்தாலும் கவுத்துக் காட்டியிருப்பேன். ஒரு நிமிஷ வேலை."

"குணாகிட்ட வா தம்பி, நானும் வந்து சொல்றேன்."

"அங்க இனிமே நான் வரல. நீங்க இவகிட்ட சொல்லுங்க, போதும். காரணம் இல்லாம எவன் வேலைய விட்டு நிறுத்துவான்னு ஒரு மாசமா கேக்கறா. நான் என்ன சொன்னாலும் நம்ப மாட்டேங்கறா."

ஜெசி அடுப்படி வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நான் அவள் அடுப்படிக்குள் போய் கால்வாசி சோயா சாஸ் இருந்த ஒரு கிச்சாப் பாட்டிலை எடுத்தேன். கவிழ்த்துப் பிடித்து, பேனாவால் கோடு போட்டு, நிமிர்த்திக் காட்டினேன். கோடு ஓரிடம், கிச்சாப் ஓரிடம். மறுபடி கவிழ்த்தேன். சேர்ந்துகொண்டது.

அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். "பாட்டில் கதை புரியுது," என்றாள். "ஒரு மாசம் கழிச்சு இதைச் சொல்றதுக்கு நீங்க எதுக்குக் கிள்ளான்லேர்ந்து வந்தீங்க? இவருக்கும் உங்களுக்கும் என்ன? இப்படிச் சொல்லச் சொல்லி இவர் கூட்டிட்டு வந்தாரா?"

மோசஸ் கண்ணை மூடிக்கொண்டான். எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. பிறகு யோசித்தேன். இவள் இடத்தில் நான் நின்றிருந்தால் இதைவிட மோசமாகக் கேட்டிருப்பேன்.

"இவர் வேலை இப்ப எனக்குத்தான் கிடைச்சிருக்கு," என்றேன். "அலமாரிச் சாவி என்கிட்ட இருக்கு. தப்புன்னு தெரிஞ்ச பிறகும் ஒரு மாசம் வச்சுக்கிட்டு வாயைத் திறக்காம இருந்தேன். இதுக்கு மேல முடியல, அதான் வந்தேன்."

ஜெசி என் முகத்தையே பார்த்தாள். தன்னைத் தானே காட்டிக் கொடுக்கிறவளிடம் மேற்கொண்டு தோண்ட ஒன்றும் இல்லை என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். கட்டியிருந்த கையை அவிழ்த்தாள். மோசஸைப் பார்த்து, "எழுந்து மூஞ்சியக் கழுவிட்டு வாங்க. சோறு போடறேன்," என்றாள். அவன் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்க எனக்கு உரிமையும் இல்லை. யாரும் என்னை உட்காரச் சொல்லவில்லை. கதவை நானே சாத்திக்கொண்டு இறங்கினேன்.

மறுநாள் சாவியைக் குணாவின் மேஜையில் வைத்தேன். அந்த மாதத்தோடு கிளப்பையும் விட்டேன். ஆறு வாரம் வேலை இல்லாமல் இருந்தேன், பிறகு பிரிக்ஃபீல்ட்ஸில் கிடைத்தது. பதினொரு வருஷம் ஆகிறது, இன்று புது ஆட்களைச் சேர்ப்பதே நான்தான். மோசஸ் எந்தப் பாருக்கும் திரும்பவில்லை.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். சந்தேகப்படுங்கள், அது இல்லாமல் பார் நடத்த முடியாது. ஆனால் எது குறைந்தாலும் முதலில் அந்த ஆளிடமே போய், அவன் முகத்தைப் பார்த்துக் கேளுங்கள். அவன் பொய் சொல்லலாம். என்னிடம் மூன்று பேர் சொல்லியிருக்கிறார்கள், நான் நம்பி ஏமாந்தும் இருக்கிறேன். அந்த மூன்று பேரை நினைத்து நான் ஒரு நாளும் தூக்கம் கெட்டதில்லை.