சூளகிரியில் நூறு முறை கேட்டேன்

போன டிசம்பரில் ஒரு சனிக்கிழமை, தோழியோடு ஷிப்ட் மாற்றிக்கொண்டு, ஒசூரிலிருந்து கிருஷ்ணகிரி போகும் வழியில் உள்ள ஒரு பொறியியல் கல்லூரிக்குப் போய்வந்தேன். அங்கே வலையமைப்புச் சோதனைத் தளம் ஒன்று இருக்கிறது. விண்ணப்பித்தால் வெளியாட்களுக்கும் ஒரு நாள் தருகிறார்கள். எப்படிப் போவது, என்ன கொண்டுபோவது என்று நான் தேடியபோது தமிழில் ஒன்றும் கிடைக்கவில்லை. இனித் தேடுகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

போனதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்த ஆய்வகத்தில் திட்ட உதவியாளர் வேலை ஒன்று காலியாக இருந்தது. விண்ணப்பித்தவர்கள் ஆளுக்கு ஒரு நாள் சோதனை செய்து, மாலை நான்கு மணிக்குப் பேராசிரியரிடம் முடிவைக் காட்டவேண்டும். நான் படித்து முடித்து இரண்டு வருடமாக ஒசூரில் ஒரு தொழிற்சாலையில் பாகங்களுக்கு அளவு பார்க்கிறேன். வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த அறிவிப்பைப் பார்த்த நாளிலிருந்து, அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு வேறெங்கோ நின்றிருந்தேன். சிங்காரப்பேட்டையிலிருந்து அம்மா போனில், "அது இன்னா வேலைம்மா?" என்று கேட்டபோது, "கம்ப்யூட்டர்தாம்மா" என்பதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை.

சோதனை இதுதான். இப்போதைய இணையத்தில் ஒரு தகவல் வேண்டுமென்றால், அது இருக்கும் கணினியின் முகவரிக்குப் போய்க் கேட்கிறோம். இந்தப் புது முறையில் தகவலின் பெயரைச் சொல்லிக் கேட்டால் போதும். வழியில் யாரிடம் நகல் இருக்கிறதோ அவரே தந்துவிடுவார். எங்கள் கேன்டீன் வரிசையில் "சாம்பார்" என்று குரல் கொடுத்தால் பக்கத்தில் வாளி வைத்திருப்பவர்தானே ஊற்றுகிறார், சமைத்தவரைத் தேடி யாரும் போவதில்லை. அந்த மாதிரி.

காலை 6.45க்கு ஒசூர் பஸ் நிலையத்தில் கிருஷ்ணகிரி பஸ். கல்லூரி நிறுத்தம் வரை 38 கிலோமீட்டர், 35 ரூபாய், ஒரு மணி நேரம். மடியில் நான் வைத்திருந்த சிறு பெட்டியைக் கண்டக்டர் தட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா, டிபனா?"

"இல்லண்ணா, கம்ப்யூட்டர்."

"இவ்ளோதானா? எங்க வீட்டு ஊறுகா டப்பா இதவிடப் பெருசு."

பின்சீட்டில் சிரித்தார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பனி விலகாமல் லாரிகளின் பின்விளக்குகள் மட்டும் தெரிந்தன. இறங்கும் இடத்திலிருந்து கல்லூரிக்கு ஷேர் ஆட்டோ 15 ரூபாய். எட்டரைக்குத்தான் ஆய்வகம் திறக்கிறது. வாசலில் இருக்கும் கடையில் இட்லி நன்றாக இருந்தது.

ஆய்வகத்தில் சைத்ரா இருந்தாள். ஆனேக்கலைச் சேர்ந்த ஆராய்ச்சி மாணவி, என் வயதுதான் இருக்கும். "செருப்பு அங்க விடுங்க. பயப்படாதீங்க, இங்க எல்லாமே முன்னாடியே கெட்டதுதான்" என்றாள். சுவரோரம் பெட்டிகளின் பச்சை விளக்குகள். ஜன்னலோரத்தில் ஒரு மேசையும் காலி நாற்காலியும். அது யாருடையது என்று கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்தது. போகும்போதும் வரும்போதும் அதைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டேன்.

தளத்தில் மூன்று பெட்டிகள் வரிசையாக இணைந்திருந்தன: ஒன்று ஆய்வகத்தில், அடுத்தது சூளகிரியில் ஒரு செல்போன் கடை மாடியில், கடைசி சானமாவுக் காட்டோரம் ஒரு வீட்டில். சானமாவு பக்கம் இந்த மாதங்களில் யானை நடமாட்டம் அதிகம். "இன்று யானை எங்கே" என்ற அறிவிப்பை அங்கே வைத்து, சூளகிரியிலிருந்து நூறு முறை கேட்டு, எத்தனை பதில் எவ்வளவு சீக்கிரம் வருகிறது என்று அளப்பது என் திட்டம். 10.40க்கு ஆய்வகத்திலிருந்தே ஒத்திகை பார்த்தேன். சானமாவுப் பெட்டியில் "யானை இல்லை" என்று எழுதிவைத்துக் கேட்டேன். வந்தது.

சானமாவுக்கே போய், அங்கிருப்பவரிடம் விசாரித்து உண்மையான அறிவிப்பு எழுதவேண்டும் என்பது நானே வைத்துக்கொண்ட நிபந்தனை. சூளகிரிக்கு பஸ் 15 ரூபாய். அங்கிருந்து சானமாவு போய்வர ஆட்டோ 500 ரூபாய், 600 கேட்டார். எதற்கு என்று சொன்னதும், "ஆனைக்கே வாட்ஸ்அப் போடறீங்களா மேடம்?" என்றார்.

பெட்டி இருந்த வீட்டில் முனியம்மா அக்கா ராகிக் கதிரைப் பரப்பிக்கொண்டிருந்தார். வீட்டுக்குள் தெலுங்கு, என்னிடம் தமிழ்.

"ஏன் பாப்பா, ஆறு மாசமா இதுக்குக் கரண்ட் குடுக்கறோம். ஒரு நாளாச்சும் ஆனை வருதுன்னு இது சொல்லிச்சா? நாங்கதான் உங்களுக்குச் சொல்றோம்."

சிரித்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். "இன்னிக்கு வந்துச்சாக்கா?"

"விடியக்காலம் நாலு வந்துச்சு. ஒண்ணு குட்டி. பாதி ராகிய மிதிச்சிட்டு ஏரிப்பக்கம் போயிருக்கு. அங்கதான் நிக்கும், பொழுது சாய்ஞ்சா திரும்பும்."

"நான்கு யானைகள், ஏரிப்பக்கம்" என்று அதே பெயரில் எழுதினேன். மணி ஒன்று இருபது.

சூளகிரிக் கடை மாடியில் 2.15க்கு நூறு முறை கேட்டேன். நூறுக்கு நூறு பதில். ஒவ்வொன்றும் கண் இமைப்பதற்குள். பதில் வந்த நேரங்களுக்கு இவ்வளவு அழகான வரைபடத்தை நான் போட்டதே இல்லை. மாடிப்படியில் உட்கார்ந்து அந்த ஜன்னலோர நாற்காலியை முதல்முறையாக முழுசாக நினைத்துப் பார்த்தேன். அங்கே தண்ணீர் பாட்டிலை எந்தப் பக்கம் வைப்பேன் என்பது வரை.

பிறகு ஒரு பதிலைத் திறந்து படித்தேன். "யானை இல்லை."

இன்னொன்றைத் திறந்தேன். "யானை இல்லை." நூறும் அதுதான். காலை ஒத்திகையின்போது வழியில் இருந்த சூளகிரிப் பெட்டி ஒரு நகல் எடுத்து வைத்திருக்கிறது. அது ஒரு நாள் வரை செல்லும் என்று குறித்தவள் நான்தான். பெயரும் அதே பெயர். கேட்கக் கேட்க, கையிலிருந்ததையே கொடுத்திருக்கிறது. சானமாவு வரை ஒரு கேள்வியும் போகவேயில்லை.

பேராசிரியரிடம் காட்ட வேண்டியது எண்ணிக்கையும் நேரமும் மட்டும். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் திறந்து பார்க்கப்போவதில்லை. மணி 2.40. பஸ்ஸேறினால் நேரத்துக்குப் போய்விடலாம். அப்படியே கிளம்பிவிடலாம் என்று நினைத்தேன், மறைக்க விரும்பவில்லை. பையைக்கூட மாட்டிக்கொண்டேன். ஆனால் ஏரிப்பக்கம் போகிற ஒருவர் இதைக் கேட்டு, இந்தப் பதிலை நம்பிப் போயிருந்தால்? சைத்ராவுக்கு போன் செய்தேன்.

"புதுப் பேர்ல, நேரத்தையும் சேர்த்து, சானமாவுல திரும்பப் போட முடியுமா? நடுவுல நகல் வைக்கவே கூடாது."

"அய்யோ, மத்தியானம் அந்த லைன் சரியா இருக்காதுங்க. பாதி வராது."

"பரவாயில்ல, போடுங்க."

நூறில் அறுபத்தொன்று வந்தன, தயங்கித் தயங்கி. முப்பத்தொன்பது வரவேயில்லை. வந்த அத்தனையிலும் நான்கு யானைகள் ஏரிப்பக்கம் நின்றன.

ஆய்வகம் சேர்ந்தபோது 4.25. பேராசிரியர் பையோடு நின்றுகொண்டிருந்தார். இரண்டு வரைபடங்களையும் காட்டி, முதலாவது ஏன் பொய் என்று சொன்னேன். முதல் தடவை அவருக்குக் கேட்கவில்லை, இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. "இதை ஒத்திகைக்கு முன்னாலேயே யோசித்திருக்க வேண்டும்" என்றார். சரிதான். "சொன்னது நல்லது" என்றும் சொன்னார்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். ஒத்திகைக்கு ஒரு பெயர், உண்மையான சோதனைக்கு வேறு பெயர் வையுங்கள். வந்த பதிலைத் திறந்து படியுங்கள். சானமாவுக்கு மதியத்துக்குள் போய் வெயிலிருக்கும்போதே திரும்பிவிடுங்கள். ஆட்டோவைக் காத்திருக்கச் சொல்லுங்கள், அங்கே வேறு வண்டி கிடைக்காது. சார்ஜர் இரண்டு வேண்டும். சாப்பாடு சேர்த்து எனக்கு மொத்தம் 720 ரூபாய் ஆனது. முனியம்மா அக்கா வீட்டில் மோர் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

வேலை வேறொருவருக்குப் போனது. பத்து நாள் கழித்து, ஷிப்ட் முடிந்து தொழிற்சாலை பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போது மின்னஞ்சல் வந்தது. ஹாஸ்டல் வரும்வரை அதை மூடவில்லை. இப்போது அந்த ஜன்னலோர மேசையில் ஒரு தண்ணீர் பாட்டில் இருக்கும். எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.

சோதனைக்கு இன்னொரு நாள் கேட்டு நேற்று மறுபடி விண்ணப்பித்தேன். படிவத்தில் "நீங்கள் சார்ந்த நிறுவனம்" என்று ஒரு கட்டம் இருக்கிறது. தொழிற்சாலையின் பெயரை எழுத மனம் வரவில்லை. காலியாக விட்டால் படிவம் ஏற்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஒசூர்" என்று அடித்தேன். ஏற்றுக்கொண்டது.