கராம்பு மென்ற காவலர்

பிற்பகல் இரண்டு இருபதுக்குப் பாடசாலையிலிருந்து அழைத்தார்கள். கழிப்பறையில் வேப் எனும் மின்சிகரெட்டை இழுத்த மகள் மயங்கி விழுந்துவிட்டாளாம். சிகரெட்டை விடுவதற்காக நான் வாங்கிய வேப், மனைவிக்குத் தெரியாமல் சாமித்தட்டில் கற்பூரப் பெட்டிக்குப் பின்னால் இருந்தது. அதைத்தான் எடுத்திருப்பாளோ என்ற பயத்துடன் கனடாவின் ஸ்காபரோவில் ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் உட்கார்ந்திருந்தேன்.

அங்கிருந்த மருத்துவமனைக் காவலர் எங்கள் ஆள், ஈழத்தமிழர். நரைத்த மீசை, காலில் பளபளக்கும் சப்பாத்து, வாயில் எப்போதும் ஒரு கராம்பு. மகளுக்கு நடந்ததைச் சொன்னேன்.

"நானும் சிகரெட்டை விடவெண்டு நிக்கொட்டின் பட்ச் ஒட்டினன், கம் சப்பினன், வேப்பும் இழுத்தன் அண்ணை. கடைசியா விட்டது கராம்பாலைதான். வாய் புரியாணிச் சட்டி மாதிரி மணக்குதெண்டு மனுசி பேசுறா." சிரித்தார். "நீங்கள் சிகரெட் பத்துறேல்லையோ?"

"சிகரெட்டை விட்டிட்டன். வேப்பைத்தான் விடேலாமல் கிடக்கு."

"சிகரெட்டை விட்டதே பெரிய விசயம். வேப்பை வீட்டிலை எங்கை வைக்கிறியள்?"

நான் தொலைபேசியை எடுத்துப் பார்த்தேன். அவர் போய், ஒரு கோப்பை தண்ணீர் கொண்டுவந்து தந்துவிட்டு வாசலுக்குப் போய்விட்டார். அந்தக் கேள்வி அவருக்கு எப்படித் தோன்றியதென்று இன்றும் யோசிக்கிறேன்.

ஐந்து மணிக்குத் தாதி மகளைக் கூட்டிவந்து, பயப்பட ஒன்றுமில்லை என்றார். மகள் என் காதருகே குனிந்தாள்.

"ஐ ஆம் சொறி அப்பா, அது உங்கடதான். அம்மாட்டைச் சொல்லாதேங்கோ."